எக்ஸ்ரேயில் விழாத வலி

"எலும்பு தேஞ்சிருச்சு." "டிஸ்க் விலகிருச்சு." "நரம்பு நசுங்குது."

முதுகுவலிக்காக மருத்துவமனை போய்த் திரும்புகிறவர்களில் பலர் இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் வீடு வருகிறார்கள். எழுதிக்கொடுத்த மாத்திரை பத்து நாளில் தீர்ந்துவிடும். எக்ஸ்ரே உறை பீரோவுக்கு மேலே போய்விடும். கேட்ட சொல் மட்டும் உடம்போடு தங்கிவிடும். பல வருடம் கழித்தும், குனிந்து ஒரு குடத்தைத் தூக்கப் போகும்போது கை தானாகத் தயங்கும்.

நியூசிலாந்தில் பென் டார்லோவும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயக்கத்தைத்தான் பின்தொடர்ந்து போனது. முதுகுவலி உள்ள 23 பேரிடம் அவர்கள் நிதானமாக உட்கார்ந்து பேசினார்கள். சிகிச்சை தந்தவர் எப்போதோ சொன்ன ஒரு வாக்கியம் பலருடைய நடையையும் குனிதலையும் வேலையையும் ஆண்டுக்கணக்கில் ஆண்டுகொண்டிருந்தது தெரியவந்தது. "முதுகைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரையைக் கேட்டவர்கள் முதுகுக்கு எந்நேரமும் காவல் நின்றார்கள். வலி திரும்பியபோது, சரியாகக் காக்கவில்லையே என்று தங்களையே நொந்துகொண்டார்கள். தெளிவாக விளக்கித் தைரியம் சொன்னவரின் பேச்சும் அதே அளவு நீடித்தது என்பது அந்த ஆய்வின் இன்னொரு பக்கம்.

இருபத்து மூன்று பேரை வைத்து அறிவியலா என்று கேட்கத் தோன்றும். ஒரு மாத்திரை வேலை செய்கிறதா என்று அறிய ஆயிரக்கணக்கானோர் வேண்டும்; அது எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி. வலியோடு ஒருவர் எப்படி வாழ்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எதை மறைக்கிறார் என்பவை கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள். இவற்றுக்கான முறைக்குப் பண்புசார் ஆய்வு என்று பெயர். அதற்கென்று கறாரான ஒழுங்கு உண்டு. பேச்சைப் பதிவு செய்து, இருமல், இடைவெளி, பெருமூச்சு உட்படச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரியிலும் என்ன நடக்கிறது என்று குறிக்க வேண்டும். ஒருவரிடம் கண்டதை அடுத்தவரிடம் சோதிக்க வேண்டும். பொருந்தாத ஒருவர் வந்தால் அவரை ஒதுக்காமல் கண்டுபிடிப்பைத் திருத்த வேண்டும். புதிய ஆட்களைக் கேட்டும் புதிய செய்தி வராத நிலை வரும்வரை இது நடக்கும். கேட்பவர் தன்னையும் ஒரு தரவாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி. சிகிச்சை கொடுப்பவரே கேள்வி கேட்டால் நோயாளி "இப்ப பரவாயில்லைங்க சார்" என்றுதான் சொல்வார். அந்தப் 'பரவாயில்லை' எவ்வளவு உண்மை என்பதையும் ஆய்வாளர் கணக்கில் கொண்டாக வேண்டும்.

எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு? அந்தப் படங்கள் சொல்வது எவ்வளவு என்று பார்த்தால் புரியும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்புத் தட்டுகளில் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். தட்டு புடைத்திருப்பது இருபது வயதில் 30 சதவீதம் பேரிடமும், எண்பது வயதில் 84 சதவீதம் பேரிடமும் காணப்பட்டது. இவர்கள் ஒருவருக்கும் வலி கிடையாது. ஆக, படத்தில் தேய்மானம் தெரிகிறது என்பதால் மட்டும் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. படம் தேவைப்படும் நேரங்கள் உண்டு. முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் வந்தாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்புமுறிவு, முதுகெலும்புக் காசநோய், கட்டி போன்றவற்றைப் படம்தான் காட்டும். ஆனால் நாள்பட்ட முதுகுவலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒன்றும் இருப்பதில்லை. வலி மட்டும் இருக்கிறது.

இதை நெய்வேலியில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். இவ்வளவு விதமான உழைப்பு இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் நடக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் குறைவு.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தோண்டிய கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து இந்த ஊரின் கதை தொடங்குகிறது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது. அடுத்த ஆண்டு அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்பாறை கெட்டியானது. ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத வாளிச்சக்கர இயந்திரங்களின் பற்களையே அது தேய்த்தது. வெடிவைத்துத் தளர்த்திய பிறகே தோண்ட முடிந்தது. அன்றிலிருந்து மூன்று ஷிஃப்டாக, இரவு பகல் பார்க்காமல் வேலை நடக்கிறது. இயந்திரத்தின் கேபினில் உட்கார்ந்திருப்பவர், டம்பர் ஓட்டுபவர், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை மண்வெட்டியால் அள்ளுபவர், பம்புகளைக் கவனிப்பவர், பாய்லர் அருகே பழுது பார்ப்பவர் என ஒவ்வொருவரின் உடம்பையும் வேலை ஒவ்வொரு விதமாக வளைக்கிறது. சுற்றுக் கிராமங்களிலும் பண்ருட்டிப் பக்கமும் முந்திரி உடைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மணிக்கணக்காக உட்கார்ந்தபடி, தோலை அரிக்கும் முந்திரி ஓட்டுப் பாலோடு அவர்கள் வேலை செய்கிறார்கள்.

உட்கார்ந்திருக்கும் மனிதரின் முதுகெலும்பு, நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 முறை வரும் அதிர்வுக்குத்தான் மிக அதிகமாக ஆடும். மேடுபள்ளமான சுரங்கப் பாதையில் ஓடும் கனரக வண்டிகளின் இருக்கையில் கிடைப்பதும் இதே மாதிரியான தாழ்ந்த அதிர்வுதான். ஷிஃப்ட் மாறி மாறி வந்து தூக்கம் கெட்டால், அதே அதிர்வு இன்னும் கூடுதலாக வலிக்கும். தூக்கக்குறைவு வலி தாங்கும் திறனைக் குறைக்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. இதுவரை சொன்னது கருவி வைத்து அளக்கக்கூடிய பகுதி. அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-போன்ட்டி 1945-இல் எழுதிய நூலில் பார்வையற்றவரின் கைத்தடியைப் பற்றிப் பேசுகிறார். பழகிய பிறகு அவர் தடியைத் தொட்டுணர்வதில்லை. தடியின் நுனியால் தரையை உணர்கிறார். உடம்பின் எல்லை அந்த நுனிவரை நீண்டுவிடுகிறது. இயந்திரம் ஓட்டுகிறவர்களுக்கு இது தத்துவமே இல்லை, தினசரி அனுபவம். பழகிய ஓட்டுநர் வாளி பாறையில் பட்டதை இருக்கையின் அதிர்விலேயே அறிவார். சத்தம் மாறினால் கண் போகும் முன் கை போகும். நமக்கு ஒரு உடம்பு இருக்கிறது என்பதைவிட, உடம்பாகவே நாம் உலகத்தில் புழங்குகிறோம் என்பது மெர்லோ-போன்ட்டியின் வாதம். அமெரிக்க மருத்துவரும் மெய்யியலாளருமான ட்ரூ லீடர் 1990-இல் இதை அடுத்த படிக்கு எடுத்துப் போனார். நலமாக இருக்கும்போது உடம்பு நம் கவனத்திலிருந்து மறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது முழங்காலை நினைப்பவர் யார்? வலி வந்தவுடன் அந்த முழங்கால் முன்னால் வந்து வழியை மறித்துக்கொள்கிறது. படிகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. கல்யாண வீட்டுக்குப் போகலாமா என்பதைப் பந்தியில் தரையில் உட்கார வேண்டுமா, நாற்காலி போட்டிருப்பார்களா என்பது முடிவு செய்கிறது. வலி உடம்பில் ஓரிடத்தில் இருந்தாலும், அது சுருக்குவது ஒருவருடைய உலகத்தை.

இந்தச் சுருக்கத்தை அளக்க இயன்முறை மருத்துவர்கள் கேள்விப் பட்டியல்களைப் பயன்படுத்துகிறார்கள். உலகெங்கும் புழங்குவது 1980-இல் இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி நகரில் உருவான பட்டியல். பாரம் தூக்குதல், நடத்தல், உட்காருதல், நிற்றல், தூங்குதல், பயணம் என்று பத்துத் தலைப்பு உண்டு. அதில் 'உட்காருதல்' என்றால் நாற்காலியில் உட்காருதல். சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, குத்தவைத்துப் பாத்திரம் துலக்குவது, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, இந்தியக் கழிப்பறையில் அமர்வது, கோயில் பிரகாரத்தில் விழுந்து கும்பிடுவது எதுவும் அதில் இல்லை. முந்திரி உடைக்கும் பெண்ணுக்கு அந்தப் பட்டியல் நல்ல மதிப்பெண் கொடுத்துவிடலாம். அவரோ அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். எண்களை நம்பும் ஆய்வுக்கும் முன்னால் கேட்கும் ஆய்வு வர வேண்டியதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. எதை அளக்க வேண்டும் என்பதையே மக்களிடமிருந்துதான் அறிய முடியும்.

வலியை விவரிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. குத்தல், குடைச்சல், இழுப்பு, பிடிப்பு, கடுப்பு, எரிச்சல், காந்தல், விண்விண் என்று தெறிப்பது, சுரீர் என்று ஓடுவது, ஊமைவலி, மரத்துப்போவது என்று நீண்டுகொண்டே போகும். கனடாவின் ரொனால்ட் மெல்சாக் நோயாளிகள் சொல்லும் வலிச்சொற்களைத் தொகுத்து வகைப்படுத்தி 1975-இல் மெக்கில் வலி வினாத்தாளை வெளியிட்டார். எரிச்சல், மின்சாரம் பாய்வது, மரத்துப்போவது என்று ஒருவர் சொன்னால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். வலியின் குணம் சொல்லிலேயே இருக்கிறது. ஒன்றிலிருந்து பத்துவரை ஒரு எண் சொல்லுங்கள் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளும் இடங்களில் இந்தச் செய்தி அத்தனையும் வீணாகிறது.

சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டால் சிகிச்சையே பிறக்கும் என்பதற்குத் தமிழகத்திலிருந்து போன ஒருவரே சாட்சி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், அமெரிக்காவில் கை இழந்தவர்களைச் சந்தித்தார். இல்லாத கை வலிப்பதாக அவர்கள் சொன்னார்கள். எப்படி வலிக்கிறது என்று கேட்டபோது சிலர், அந்தக் கை இறுக மூடிக்கிடக்கிறது, நகம் உள்ளங்கையில் குத்துகிறது, விரிக்க முடியவில்லை என்றார்கள். அந்த விவரிப்பிலிருந்து கிடைத்த யோசனைதான் 1990-களில் அவர் செய்த கண்ணாடிப் பெட்டி. இருக்கும் கையை விரித்தால் கண்ணாடியில் இல்லாத கையும் விரிவதாகத் தெரியும்; சிலருக்கு இறுக்கம் விட்டது. எல்லோருக்கும் அது பலன் தருவதில்லை என்பது பிந்தைய ஆய்வுகளில் தெரிந்தாலும், இன்று உலகெங்கும் இயன்முறை மருத்துவக் கூடங்களில் அந்தக் கண்ணாடி இருக்கிறது. 'நகம் குத்துகிறது' என்ற சொல்லைக் கற்பனை என்று தள்ளியிருந்தால் அது வந்திருக்காது.

வேலூரில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. 1946-இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் போகின்றன என்று ஆராய்ந்தார். நோய் சதையைத் தின்கிறது என்று நம்பப்பட்ட காலம் அது. நோயாளிகளோடு கூடவே இருந்து, அவர்கள் அன்றாடம் கையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் அவர் உண்மையைக் கண்டார். நரம்பு உணர்விழந்ததால் வலி இல்லை. வலி இல்லாததால் சூடான பாத்திரத்தை விடுவதில்லை. இரவில் எலி கடித்தாலும் விழிப்பு வருவதில்லை. வலி உடம்பின் காவலாள் என்ற முடிவு சோதனைக்குழாயிலிருந்து வரவில்லை. வாழ்க்கையைக் கிட்ட இருந்து பார்த்ததில் வந்தது.

வலி நரம்பில் ஓடும் வெறும் சைகை இல்லை என்பதை உடலியலும் ஒப்புக்கொண்டுவிட்டது. 1965-இல் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் வாயில் கோட்பாட்டை முன்வைத்தார்கள்: தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற ஏற்பாடு இருக்கிறது, மேலிருந்து மூளை அனுப்பும் செய்தி அதைத் திறக்கவும் மூடவும் செய்யும். அதற்கும் முன்பே, இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், படுகாயமடைந்த வீரர்களில் நான்கில் மூவர் வலிமருந்து வேண்டாம் என்றதைப் பதிவு செய்திருந்தார். காயம் அவர்களைப் போர்க்களத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பியது. அதனால் அதன் பொருள் வேறாக இருந்தது. நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க இத்தாலி போக வேண்டியதில்லை. வேலுடையான்பட்டு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தானே ஏற்ற நேர்த்தி, கூட வரும் உறவு, ஊர் முழுவதின் மதிப்பு இவற்றுக்கு நடுவே கம்பி தோலைத் துளைக்கிறது. அதே மனிதர் மறுவாரம் பெல்ட் அடியில் குனிந்து எழும்போது பிடித்துக்கொள்ளும் இடுப்பு தாங்க முடியாததாக இருக்கலாம். அங்கே கூட யாரும் இல்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்பதும் தெரியாது.

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. இரவும் பகலும் பம்பு வைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே அது பெயர்த்துவிடும். கரியை மட்டும் பார்த்துக்கொண்டு இங்கே சுரங்கம் தோண்ட முடியாது. நாள்பட்ட வலியும் அப்படித்தான்: தசையும் எலும்பும் கண்ணில் படும் படுகை, கடன், தூக்கமின்மை, வேலை போகும் பயம், நம்பப்படாத அவமானம் எல்லாம் கீழிருந்து தள்ளுகின்றன.

நம்பப்படாமை என்று சொன்னேன். நாள்பட்ட தசை, எலும்பு வலி பற்றிய 77 பண்புசார் ஆய்வுக் கட்டுரைகளை இங்கிலாந்தின் ஃப்ரான்சின் டாய் குழுவினர் ஒன்றாக வைத்துப் படித்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது ஒரு போராட்டம்: வலி உண்மைதான் என்று மருத்துவரிடம், மேலதிகாரியிடம், குடும்பத்திடம் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. கட்டு இல்லை, தையல் இல்லை, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "நல்லாத்தானே இருக்கீங்க" என்கிறார்கள். சிரித்தால் வலி பொய். முகம் சுளித்தால் நடிப்பு. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று தனிக்குறிப்பாகவே சேர்த்தது. வாய்பேச முடியாததால் ஒருவருக்கு வலி இல்லை என்றாகிவிடாது என்பதும் அதில் உண்டு.

நெய்வேலியில் நிரந்தரப் பணியாளர்களோடு பல ஆயிரம் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். பணி நிரந்தரம் அவர்களுடைய நீண்டகாலக் கோரிக்கை. எங்கேயும் நிரந்தரமற்ற வேலையில் இருப்பவர் வலியை வெளியே சொல்ல யோசிப்பார். ஒருவர் வலியை நிரூபிக்கப் பாடுபடும் அதே சுரங்கத்தில் இன்னொருவர் அதை மறைக்கப் பாடுபடக்கூடும். இரண்டுமே உடம்பின் மேல் விழும் கூடுதல் வேலை. இங்கே ஆய்வு செய்ய வருபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டவுன்ஷிப்பில் எந்த வட்டம், எந்த யூனிட், எந்த ஷிஃப்ட் என்று சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். பெயரை மாற்றினால் மட்டும் ரகசியம் காக்கப்படாது. பேசியதால் ஒருவருடைய வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்பதை முதலிலேயே உறுதி செய்யாத ஆய்வு நடக்காமலிருப்பதே மேல்.

1982-இல் மைக்கேல் பரி என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் முடக்குவாத நோயாளிகளிடம் பேசிவிட்டு, நாள்பட்ட நோய் ஒருவருடைய வாழ்க்கைக் கதையையே நடுவில் முறித்துவிடுகிறது என்று எழுதினார். மறுவருடம் அமெரிக்கச் சமூகவியலாளர் கேத்தி சார்மாஸ், நாள்பட்ட நோயில் மனிதர் 'தான்' என்று நினைத்திருந்த ஒன்றையே இழக்கிறார் என்று காட்டினார். கம்பெனி ஊரில் இந்த முறிவு இன்னும் கூர்மையானது. இங்கே வேலை என்பது சம்பளம் மட்டும் இல்லை. குவார்ட்டர்ஸ், பிள்ளைகளின் பள்ளி, மருத்துவமனை, பக்கத்து வீடு எல்லாமே அதோடு கட்டப்பட்டவை. பணி ஓய்வு பெறும்போது வீட்டையும் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் இருட்டிலும் தட்டுத் தடுமாறாமல் நடந்த வாசற்படி, கொல்லைப்புறம், கழிப்பறை போய்விடுகின்றன. முழங்கால்வலி தொடங்கும் வயதில் உடம்பு ஒரு புதிய வீட்டைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊனம் என்று வரும்போது சட்டத்தின் கணக்கு வேறு. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் உடம்பை ஒரு அட்டவணையாக ஆக்கியது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50. இழப்பீடு வழங்க ஏதாவது ஒரு கணக்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கட்டைவிரல் வெல்டருடையதா, காவலாளியுடையதா, நாகஸ்வரக்காரருடையதா என்பது அட்டவணைக்குத் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்ற எல்லை வைத்திருக்கிறது. நாள்பட்ட வலி அந்த 21-இல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2001-லேயே, இயலாமை என்பது உடம்புக்கும் சூழலுக்கும் இடையில் உருவாகிறது என்று ஏற்றுக்கொண்டது. சாய்தளம் இல்லாத அலுவலகமும், உயரமான பேருந்துப் படியும், 'லைட் டூட்டி' தர மறுக்கும் மேற்பார்வையாளரும் இயலாமையின் பகுதிகள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களின் ஆவணங்களைத் துருவிய டேவிட் டர்னர், டேனியல் பிளாக்கி இருவரும் 2018-இல் எழுதிய நூலில், காயம்பட்ட சுரங்கத்தார் பலர் வேலையை விட்டு மறைந்துவிடவில்லை, வேறு வேலைகளில் தொடர்ந்தார்கள் என்று காட்டுகிறார்கள். அவரவர் உடம்புக்கு ஏற்ற இடத்தை அந்தச் சமூகங்கள் எப்படியோ கண்டுபிடித்திருக்கின்றன.

மறுவாழ்வு மருத்துவத்தின் தொடக்கத்திலும் ஒரு சுரங்கத் தொழிலாளி இருக்கிறார். 1917-இல், இன்று போலந்தில் இருக்கும் ஒரு நகரத்தின் சுரங்கத் தொழிலாளர் மருத்துவமனையில் முதுகெலும்பு முறிந்த வாட்டசாட்டமான இளைஞர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அங்கே உதவியாளராக இருந்த பதினெட்டு வயது லுட்விக் குட்மன் குறிப்பெழுதப் போனபோது, வேண்டாம், சில வாரத்தில் இறந்துவிடுவார் என்று தடுத்தார்கள். ஐந்து வாரத்தில் அந்த இளைஞர் இறந்தார். அந்தக் காட்சி தம்மை விட்டு நீங்கவில்லை என்று குட்மன் பின்னாளில் சொன்னார். அவர் 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில்லில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கி, 1948-இல் அங்கே 16 பேரோடு நடத்திய வில்வித்தைப் போட்டி பாராலிம்பிக்ஸ் ஆக வளர்ந்தது. நம் பக்கத்தில், 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் பயின்று வந்து வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தொடங்கினார். நோயாளியின் இடத்தில் இருந்து பார்த்த ஒருவர் துறையை அமைத்தது நமக்குக் கிடைத்த பேறு.

மறுபடி நெய்வேலிக்கு வருவோம். 2020 ஜூலை 1 அன்று இங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. அன்றே 6 பேர் இறந்தார்கள். தீக்காயமடைந்தவர்களில் மேலும் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பும் அதே நிலையத்தில் ஒரு விபத்து நடந்திருந்தது. தீக்காயத்திலிருந்து பிழைப்பவரின் தோல் ஆறும்போது சுருங்கும்; மூட்டு மடங்கிப்போகாமலிருக்க இயன்முறை மருத்துவர் தினமும் அதை நீட்டியாக வேண்டும். வலியைப் போக்க வந்தவரே வலியைத் தர வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் எதற்காக இதைச் செய்கிறோம், எப்போது நிறுத்தலாம், இன்று எவ்வளவு போதும் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்தால் ஒன்று. ஒருவர் பிடித்து இழுத்து மற்றவர் பல்லைக் கடித்தால் வேறு. தசையில் நடப்பது ஒன்றாக இருந்தாலும் அனுபவம் ஒன்றாக இருக்காது.

தொடுதலே அறியும் வழியாக இருக்கும் தொழில் இயன்முறை மருத்துவம். இலங்கையில் பிறந்த மானுடவியலாளர் வாலன்டைன் டேனியல், சித்த மருத்துவர் நாடி பார்ப்பதைப் பற்றி 1984-இல் எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது. நாடி பார்க்கும்போது ஒரு கட்டத்தில் நோயாளியின் துடிப்பும் தன் துடிப்பும் ஒன்றாகும் நிலையை மருத்துவர் எட்டுகிறார் என்பது அவர் கண்டது. நாடிமுறையின் நோயறிதல் எவ்வளவு சரி என்ற விவாதம் தனி. இரண்டு உடம்புகள் சந்திக்கும் இடத்தில்தான் அறிதல் நடக்கிறது என்ற கவனிப்பு, நவீன இயன்முறை மருத்துவ ஆய்வாளர்கள் இப்போது வந்து சேர்ந்திருக்கும் இடம்.

கேட்பதால் வலி குறையுமா என்பது நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட முதுகுவலியால் முடங்கிய 492 பேரை வைத்து நடந்த ஒரு பரிசோதனையின் முடிவுகள் 2023-இல் லான்செட் இதழில் வந்தன. அதில் இயன்முறை மருத்துவர்கள் முதலில் நோயாளியின் கதையை முழுக்கக் கேட்டார்கள். வலி பற்றிய பயங்களை அதிலிருந்து கண்டெடுத்தார்கள். பயந்து விட்டுவிட்ட அசைவுகளைக் கூடவே இருந்து மறுபடி செய்யவைத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் அன்றாட வேலைகளைக் கணிசமாக மீட்டார்கள். ஒரு வருடம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்தது. அந்தச் சிகிச்சைமுறைக்கு வழிகாட்டியவற்றில் முன்பு சொன்னது போன்ற, சிலரிடம் பேசிய சிறிய ஆய்வுகளும் உண்டு.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். மருத்துவமனைக் கட்டிலில் தெரியாதது வீட்டில் தெரியும்: வாசற்படியின் உயரம், குடத்தைச் சுமந்து வரும் தூரம், படுக்கும் பாய், யார் தூக்கிவிடுகிறார்கள் என்பது. வந்தவர் பயிற்சித் தாளைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடாமல் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார நேரம் தரப்பட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் பல ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவர்களுக்கு எழுதிக்கொடுத்த கேள்விகள் எளியவை. இது எதனால் வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? ஏன் அப்போது தொடங்கியது? இதில் உங்களை மிகவும் பயமுறுத்துவது எது? சிகிச்சையிலிருந்து எதை எதிர்பார்க்கிறீர்கள்? பதிலை அவர்களுடைய சொல்லிலேயே நோயாளிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். 'இடுப்புவலி, ஆறு மாதம்' என்று சுருக்கினால் போதாது. 'பேரனைத் தூக்க முடியல' என்று அவர் சொன்னால் அதுதான் சிகிச்சையின் இலக்கு.

இயன்முறை மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கும், நெய்வேலியில் பிறந்து வெளியூரில் ஆய்வு செய்யும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் சுரங்கம் தோண்டத் தொடங்கிய 1957-இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று தொண்ணூறை நெருங்கும் வயது. அந்தத் தலைமுறையின் முதுகிலும் முழங்காலிலும் காதிலும் நுரையீரலிலும் இந்த ஊரின் தொடக்க வருடங்கள் இருக்கின்றன. வடலூரிலும் மந்தாரக்குப்பத்திலும் சொந்தக் கிராமங்களிலும் அவர்களில் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய மனைவியரின் உடம்புகளிலும் மூன்று ஷிஃப்டின் கணக்கு இருக்கிறது. அதையும் சேர்த்துக் கேளுங்கள். முறையாக அனுமதி பெற்று, முழுதாகப் பதிவு செய்து, தமிழிலேயே எழுதி வையுங்கள். இதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.